அஞ்சலை அக்காவின் வயசு

“காதுக்குப் பின்னாடி ஒரு சொட்டு வெச்சுப் பாருங்க ஆன்ட்டி. ரெண்டு நாள் அரிப்பு இல்லன்னாதான் தலைக்குப் போடணும்” என்றது கடைப்பெண். புதுவாயல் கூட்டுரோட்டில் புதிதாக முளைத்திருக்கும் அழகு சாமான் கடை அது. தம்பி மகள் கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள்தான். முன்னால் நின்று தாம்பாளம் தூக்கவேண்டிய அத்தை நான். தலை பஞ்சாய்ப் பறந்தால் நன்றாகவா இருக்கும் என்று போயிருந்தேன். எனக்கு மிச்சமிருப்பது எலிவால் பின்னல் ஒன்று. அதற்கு அந்தப் பெண் எடுத்துப் போட்ட பெட்டிகளைப் பார்த்தால் ஒரு தெருவுக்கே சாயம் அடிக்கலாம். அமோனியா இல்லாதது, நீள முடிக்கு ஏற்றது, எண்ணெய் கலந்தது, எண்ணெய் கலக்காதது.

“சுத்தக் கறுப்பு வேணாம் ஆன்ட்டி, டோப்பா வெச்ச மாதிரி இருக்கும். லேசா பிரவுன் போட்டா நரையும் அதோட கலந்து நின்னுக்கும்” என்றது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இந்த விஷயத்தில் எனக்கே பாடமா? உங்கம்மா பிறக்கும் முன்னாலேயே இதில் தேறினவள் நான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அது இன்னொரு பாக்கெட்டைப் பிரித்து, “இது ஹெர்பல், மோந்து பாருங்க” என்று நீட்டிவிட்டது. பச்சைத் தழையைக் காயப்போட்டு இடித்த வாடை. அவுரி. பாக்கெட்டை வாங்கி மறுபடி மோந்தேன்.

அஞ்சலை அக்காவின் தலை ஒரு வாரம் முழுக்க இந்த வாடைதான் அடித்தது.

எழுபதுகளின் நடுவில், எனக்கு இருபது வயசு. ஊர் ஆரணி. ஆரணி என்றால் உடனே பட்டுப்புடவையா என்று கேட்காதீர்கள். அது வேறு ஆரணி. எங்களுடையது பொன்னேரிக்கு இந்தப் பக்கம், ஆற்றங்கரை ஆரணி, கத்திரிக்காயும் வெண்டைக்காயும்தான் கிடைக்கும். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிவிட்டு, இனி கலெக்டர் வேலைதான் பாக்கி என்ற மிதப்பில் இரண்டு வருஷம் வீட்டில் இருந்தேன். அப்புறம் கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வரத் தொடங்கியபோது சுவிட்சு செய்கிற ஒரு கம்பெனியில் தினக்கூலிக்குச் சேர்ந்தேன். ஆரணியிலிருந்து புதுவாயல் வரை ஒரு பஸ், அங்கே இறங்கிக் கும்மிடிப்பூண்டிக்கு இன்னொன்று. கலெக்டருக்குக் கிடைத்தது ஒரு மரப்பெஞ்சும், கையில் ஒரு சின்னக் கத்தியும்.

அச்சிலிருந்து சூடாக வந்து விழும் பேக்லைட் சுவிட்சின் ஓரத்தில் பிசிறு நிற்கும். அதைச் சீவி எடுப்பதுதான் பெண்கள் வேலை. நாள் முழுக்கச் சீவினால் மூக்கு, புருவம் எல்லாம் பழுப்புத் தூள் படிந்துவிடும். அந்த வாடை சோப்புக்கும் போகாது. என் அம்மா சாப்பாட்டுத் தட்டை ஒரு முழம் தள்ளித்தான் வைப்பாள்.

என் பக்கத்து இடம் அஞ்சலை அக்காவுடையது. காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவள். புருஷனை விட்டுவிட்டு, ஐந்து வயசு மகள் செல்வியோடு புதுவாயலில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருந்தாள். காலையில் நான் பஸ் மாறும் இடத்தில் நிற்பாள். “இன்னாமே, நாஷ்டா துன்னியா?” என்பதுதான் வணக்கம். தின்னவில்லை என்றால் முந்தானையிலிருந்து ஒரு பொட்டலம் வரும்.

அவளுடைய முடியைப் பற்றிச் சொல்லவேண்டும். முழங்காலுக்கு வரும். கொண்டை போட்டால் ஒரு கைப்பிடிக்குள் அடங்காது. சூப்பர்வைசர் தினமும், “இந்த மூட்டையை மெஷின் பக்கம் கொண்டாராதே” என்று கத்துவார். அந்தக் கொண்டையில்தான் நரை புகுந்திருந்தது, நெற்றிக்கு மேலே ஒரு கீற்று, இரண்டு காதோரமும் கொத்துக் கொத்தாக. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை, கம்பெனி ஆட்களை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்ற செய்தி வரும்வரை.

நிரந்தரம் என்றால் சும்மாவா? மாதச் சம்பளம், பி.எஃப்., காய்ச்சலில் படுத்தாலும் வேலை போகாது. நிபந்தனை ஒன்றுதான்: வயசு முப்பதைத் தாண்டியிருக்கக் கூடாது. என்னைப் போலப் பள்ளிச் சான்றிதழ் உள்ளவர்களுக்குத் தொல்லையில்லை. இல்லாதவர்களுக்கு? இன்றைக்குச் சொன்னால் சிரிப்பீர்கள். டாக்டர் ஒருத்தர் வருவார். ஆளை நிற்க வைத்து மேலும் கீழும் பார்ப்பார், பல்லைப் பார்ப்பார், தலையைப் பார்ப்பார், ஒரு எண்ணைச் சொல்வார். அதுதான் உங்கள் வயசு. அன்று முதல் சாகும்வரை அதுவே வயசு. மூன்று வாரத்தில் டாக்டர் வருகிறார் என்று எழுதி ஒட்டினார்கள்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அக்காவின் வயசைக் கணக்குப் போட்டோம். பழவேற்காட்டு ஏரி முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்துபோன வருஷம் அவள் இடுப்புப் பிள்ளை. அதற்கு எத்தனை மழை கழித்துத் தம்பி பிறந்தான், எப்போது வயசுக்கு வந்தாள், எப்போது கல்யாணம் என்று கூட்டிக் கூட்டி வந்தால் முப்பத்தைந்தில் வந்து நின்றது. நான் விரலை விட்டு மறுபடி எண்ணினேன். முப்பத்தைந்தேதான். “எனக்கு இந்த வேல வேணும். செல்விய நர்சுக்குப் படிக்க வெக்கணும். டாக்டரு வாயால முப்பதுக்குக் கீழ சொல்லவெக்கிறேன், பாரு” என்றாள். முகத்தைப் பார்த்தால் சின்ன வயசுதான், சிரித்தால் இன்னும் குறையும். காட்டிக்கொடுப்பது தலை ஒன்றுதான்.

பெஞ்சு முழுக்க ஒரே யோசனை சொன்னது. வெட்டிவிடு, குட்டையாக இருந்தால் நரை தெரியாது, திருத்தணிக்கு வேண்டுதல் என்று சொல்லி மொட்டையே போட்டுவிடு. நான்தான் அதிகம் பேசினேன். அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “அந்தாளு ஒருநா குடிச்சிட்டு கத்திரிக்கோல எடுத்துக்கினு வந்தான். இந்த முடிய புடிச்சிக்கினு இஸ்த்தான். அன்னிக்குக் கொழந்தயத் தூக்கிக்கினு ஊட்ட வுட்டு வந்தவ நானு. அவன் வெட்ட முடியாதத கம்பெனி வெட்டுமா? முடியும் இருக்கும், வேலயும் இருக்கும்.” நான் என் கத்தியை எடுத்துப் பிசிறு சீவத் தொடங்கினேன்.

அந்தக் காலத்தில் சாயம் என்றால் ஆண்கள் சமாச்சாரம். சின்னப் புட்டியில் ஒரு கறுப்புப் பொடி வரும், மீசைக்கும் கிருதாவுக்கும். பொம்பளை போய்க் கேட்டால் கடைத்தெருவே திரும்பிப் பார்க்கும். ஆகவே படித்த பெண் என்ற தகுதியில் என்னை அனுப்பினாள். பொன்னேரி பஜாரில் கடைக்காரர், “அப்பாவுக்காம்மா?” என்றார். “ஆமாங்க” என்றேன். என் அப்பாவுக்கு வழுக்கை. அவர் என் பின்னாலேயே பஜாரில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தது எனக்குத் தெரியாது. அன்று வீட்டில் நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் அந்தப் பொடியைக் கரைத்தோம். கண்ணைக் கரித்தது. நான் தூரிகையோடு பாய்ந்தேன். அவள் தடுத்தாள். “இருமே. புது நூலாயிருந்தா ஒரு முழத்த நனைச்சுப் பாத்துட்டுதான் வலய நனைப்பாங்க” என்று பிடரிக்குக் கீழே, வெளியே தெரியாத ஒரே ஒரு கொத்தில் வைக்கச் சொன்னாள். விடியும்போது பிடரி தடித்துச் சிவந்து, நீர் கோத்துக் கொப்புளமாகிவிட்டது. அந்தக் கொத்தை இழுத்துப் பார்த்தால் வைக்கோல் மாதிரி நறுக்கென்று அறுந்தது. புட்டியைத் தூக்கிக் குப்பையில் எறிந்தாள். எறிந்த கையோடு, “வேற இன்னா இருக்குது, சொல்லு” என்றாள். ஒரு வாரம் போயிருந்தது.

பொன்னேரியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தவர் பழவேற்காட்டுக்கார பாய் ஒருத்தர். மருதாணி இலைப்பொடியும் அவுரி இலைப்பொடியும் கட்டிக் கொடுத்து, இரண்டு தடவை சொன்னார். முதலில் மருதாணியை ராத்திரி இரும்புச் சட்டியில் ஊறவைத்துத் தலைக்குப் போட்டு அலசு. தலை காய்ந்தபின் அவுரி. இதனால் முடி கெடாது, கறுப்பும் கரிக்கறுப்பாக இல்லாமல் இயல்பாக இருக்கும். நாங்கள் தலையாட்டிவிட்டு வந்தோம். இரண்டாவது ஞாயிறு மருதாணி அருமையாகப் பிடித்தது. நரை எல்லாம் ஆரஞ்சாயிற்று. கறுப்புத் தலையில் நெருப்புக் கீற்றுகள். பரவாயில்லை, அடுத்தது அவுரிதானே என்று தைரியமாக இருந்தோம்.

அங்கேதான் அக்கா மீன்காரர் மகளாகிப் போனாள். நைலான் வருவதற்கு முன் அவர்கள் வலை பருத்தி நூல். உப்புத் தண்ணீரில் இற்றுப்போகாமல் இருக்க மரப்பட்டைக் கஷாயத்தில் போட்டு ராத்திரி முழுக்க ஊறவைப்பார்களாம். கஷாயம் எவ்வளவு ஊறுகிறதோ, அவ்வளவு பிடிக்கும். அந்தப் பழக்கத்தில் அவுரியையும் சனிக்கிழமையே கரைத்து மூடி வைத்துவிட்டாள். “ஊறினாதான் ஏறும்” என்றாள். நானும் இட்லி மாவை நினைத்துக்கொண்டு, ஆமாக்கா என்றேன். ஞாயிறு சாயங்காலம் அந்த மாவைத் தலை முழுக்க அப்பி, மூன்று மணி நேரம் கழித்து அலசினால் ஒரு இழைகூடக் கறுக்கவில்லை. ஆரஞ்சு அப்படியே நிற்கிறது.

திங்கட்கிழமை அவள் தலையில் துணி சுற்றிக்கொண்டு வந்தாள். மத்தியானம் துணி நழுவியது. அச்சுப் பிரிவு ஆட்கள், “அக்கா தலைல லைட்டு எரியுது, சுவிட்ச ஆஃப் பண்ணு” என்று கத்தினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. டாக்டர் வர ஏழு நாள். போதும்க்கா, வெட்டிவிடலாம் என்று மறுபடி சொல்லிவிட்டேன். முட்டாள். அன்று முழுக்க அவள் எனக்கு முதுகைக் காட்டித்தான் சீவினாள். வேலை முடிந்ததும் என் கையைப் பிடித்துப் பொன்னேரி பஸ்ஸில் ஏற்றினாள்.

பாய் நடந்ததைக் கேட்டுவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். “அவுரி இன்னா வலைச் சாயமாம்மா? கரைச்ச கையோட வெக்கணும். ராத்திரி பூரா வெச்சா சத்து செத்துப்பூடும். கொஞ்சம் உப்பு போடு, எலுமிச்சம்பழம் கிட்டயே கொண்டாராத.” சரி, இன்னொரு பொட்டலம் கொடுங்கள் என்றால் சரக்கு தீர்ந்துவிட்டது, மெட்ராசிலிருந்து வர பத்து நாளாகும் என்றார். நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா உட்காரவில்லை. “செடி எப்டியிருக்கும்?” என்று கேட்டாள். புளிய இலை மாதிரி சின்ன இலை, இளஞ்சிவப்பில் பொடிப்பூ, கொத்தாய் ஒல்லிக் காய் என்று அவர் கையால் காட்டினார். அவள் கண் விரிந்தது. “ஐயே, இது நம்ம கம்பெனி பின்னால கெடக்குதே! ஒதுங்கப் போற எடம் முச்சூடும் இதுதான்.”

உண்மைதான். அப்போது அந்தத் தொழிற்பேட்டையில் கம்பெனி கட்டின மனை கொஞ்சம், காலி மனை நிறைய. கல் நட்டு எண் எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். ஆவாரையும் அவுரியும் எருக்கும் இடுப்புயரம் மண்டிக் கிடக்கும். மறுநாள் வேலை விட்டதும் இரண்டு பேரும் புகுந்து முந்தானை நிறையப் பறித்தோம். காவல்காரர் வந்து, “இன்னாமே திருடறீங்க?” என்றார். “தழ, அண்ணே, ஆட்டுக்கு” என்றாள். ஆடு நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். நிழலில் உலர்த்தி, சனிக்கிழமை உரலில் இடித்து, என் பாவாடைத் துணியில் சலித்தோம்.

ஞாயிறு காலை உப்புப் போட்ட வெந்நீரில் கரைத்தேன். கரைத்த கையோடு வைத்தேன். வகிடு வகிடாய்ப் பிரித்து, வேரிலிருந்து முழங்கால்வரை. முடித்தபோது என் தோள்பட்டை கழன்றுவிட்டது, கை மணிக்கட்டுவரை நீலம். மத்தியானம் அலசினோம். வெயிலில் கொண்டுவந்து பார்த்தால் பச்சை! ஆரஞ்சு இழையெல்லாம் பாசி பிடித்த பச்சை. விடிந்தால் டாக்டர். ஐயோ அக்கா, எல்லாம் போச்சு, நான்தான் கெடுத்தேன் என்று ஓவென்று அழுதேன்.

அவள் ஒரு இழையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “பேஜாரு பண்ணாத. தண்ணில கீற நெறம் வேற, காத்துல நிக்கற நெறம் வேற. வலயும் எடுத்த ஒடனே ஒரு மாதிரியாதான் இருக்கும். காயட்டும்.” கதவுக்கு வெளியே பாயைப் போட்டுக் காற்றுக்கு முதுகைக் காட்டி முடியை விரித்துவிட்டு உட்கார்ந்தாள். செல்வி அதன் கீழே புகுந்து விளையாடியது. கடைசி பஸ்ஸுக்கு நான் கிளம்பும்வரை பச்சைதான். நான் நம்பவில்லை. அவள் நம்பினாள்.

காலையில் பஸ் மாறும் இடத்தில் அவள் நின்றிருந்தாள். நான் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, தலையைத்தான் பார்த்தேன். கறுப்பு. அங்கங்கே லேசான பழுப்பு ஓடிய, பிறந்த தலை மாதிரியே ஒரு கறுப்பு. வாடைதான் தழை வாடை.

கேன்டீனில் மேஜை போட்டு டாக்டர் உட்கார்ந்திருந்தார். கையெழுத்து நன்றாயிருக்கிறது என்று என்னைப் பதிவேடு எழுத உட்காரவைத்துவிட்டார்கள். டாக்டர் சொல்லச் சொல்ல நான் எழுதவேண்டும். இரண்டு பேருக்கு முப்பத்திரண்டு, முப்பத்து நான்கு என்று சொன்னார்; அவர்கள் அங்கேயே முகத்தை மூடிக்கொண்டு போனார்கள். அக்கா வந்து நின்றாள். பல்லைப் பார்த்தார். கையைத் திருப்பிப் பார்த்தார். “கொண்டையை அவுரும்மா” என்றார். அவள் ஊசியை உருவினாள். முடி சரிந்து முழங்காலில் வந்து நின்றது. அவர் எழுந்து வகிட்டை விரலால் பிரித்துப் பார்த்தார். “அடேயப்பா, இதுக்கு இன்னாம்மா தடவற?” என்றார். “தேங்கா எண்ணதான் சார்” என்றாள் கூசாமல். அவர் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். “இருபத்தொன்பது. எழுதிக்கோ.”

எழுதினேன். இன்றுவரை நான் எழுதியதிலேயே அழகான எழுத்து அதுதான்.

அன்று சாயங்காலம் ஆளுக்கொரு வடை தின்றுகொண்டு அவளைக் கேட்டேன். “ஆறு வருஷத்த முழுங்கிட்டியேக்கா, எந்த ஆறு வருஷம் அது?” அவள் யோசிக்கவே இல்லை. “அந்தாளோட குடித்தனம் பண்ணது ஆறு வருசந்தான். அது போவட்டும். செல்விய மட்டும் எட்த்துக்கறேன்.” சொல்லிவிட்டு எண்ணெய்க் கையைக் காகிதத்தில் துடைத்தாள்.

செல்வி நர்சானாள். நான் கல்யாணமாகி ஆவடிப் பக்கம் போய்விட்டேன். பொங்கலுக்கும் ஆடிக்கும் வரும்போது புதுவாயலில் இறங்காமல் போனதில்லை. அக்கா காகிதத்தில் ஐம்பத்தெட்டு முடியும்வரை வேலை செய்தாள். நிஜத்தில் அறுபத்து நான்கு. கடைசி வருஷங்களில் பிசிறு கண்ணுக்குத் தெரியாமல் விரலால் தடவிப் பார்த்துச் சீவுவாள். காலில் நரம்பு முடிச்சு முடிச்சாய்ப் புடைத்திருக்கும். அவள் வயசுக்காரர்கள் எல்லாம் வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். நான்தானே அந்த எண்ணை எழுதினேன், எனக்குப் பொறுக்குமா? உண்மையைச் சொல்லி நின்றுவிடேன்க்கா என்று ஒருமுறை கத்தினேன். “எட்த்தத திருப்பிக் குடுத்துக்கினு கீறேன், அவ்ளோதான். வாய மூடு” என்றாள். தலை முழுக்க வெளுத்திருந்தது. வேலை நிரந்தரமான பிறகு அவள் ஒரு தடவைகூட எதையும் தடவவில்லை.

போன வருஷம் போய்விட்டாள். செய்தி கேட்டு ஓடினேன். தெருமுனையில் பிளெக்ஸ் வைத்திருந்தார்கள். படத்தில் கொண்டையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே, வயது எழுபத்தெட்டு. என் வாய் தானாக எண்பத்து நான்கு என்று முணுமுணுத்தது. ஏரி முகத்துவாரம் தூர்ந்த வருஷம் எதென்று சொல்ல இப்போது யாரும் இல்லை. காட்டுப்பள்ளியில் துறைமுகம் வந்தபின் அவள் பிறந்த குப்பத்து ஜனம் மூலைக்கொருவராய்ப் போய்விட்டது. காலி மனைகளிலெல்லாம் கட்டடம் நிற்கிறது. நாங்கள் சீவிய கம்பெனி இருந்த இடத்தில் கிடங்கு.

செல்வி என் தோளில் சாய்ந்து அழுதாள். “எழுவத்தெட்டெல்லாம் ஒரு வயசாக்கா? இன்னும் ஒரு ஆறேழு வருஷம் இருந்திருக்கக் கூடாதா?” என்றாள்.

இருந்தாள் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் எந்த ஆறு வருஷம் என்றும் சொல்லவேண்டும். கத்திரிக்கோலையும் சொல்லவேண்டும். அக்கா தொலைத்தது தொலைந்தே இருக்கட்டும் என்று, “ஆமாம்மா, இருந்திருக்கலாம்” என்றேன்.